ஞாயிற்றுக்கிழமை இடுப்புவலி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

நர்ஸம்மாவை இன்னைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிட வேண்டும் என்று மூத்த மகன் வாசல்படியிலேயே முடிவு பண்ணிவிட்டார். பின்னே? எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. தூக்கிவிடத்தானே ஆள் வைத்தது? அந்த அம்மாவோ இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு தம்பி. அய்யாவை நாற்காலிக்கு மாத்தணும். ஒரு கை கொடுங்களேன்."

"போன ஞாயிறும் இதே பாட்டுதானே? வாட்ச்மேன்தானே வந்து தூக்கினான்? அவனைக் கூப்பிடுங்க."

"அவரை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கேனே."

"எனக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை," என்றார் மூத்தவர்.

"எனக்குத் தோள்பட்டை," என்றார் கூட வந்திருந்த இளையவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"டிஸ்க்கா? யோகா பண்ணி எல்லாம் ஓடியே போச்சுன்னு சொன்னீங்களே தம்பி?"

இளையவர் சிரித்துவிட்டார். "யோகாவாம்! பாயை விரிச்சுப் படுக்கறதுக்கு ஒரு பேர்."

"உன் சீனாக்காரன் தாய்-சிப் பயிற்சிக்கு அது எவ்வளவோ தேவலை. காலங்காத்தால பார்க்குல நின்னுக்கிட்டு, காத்துல ஒட்டடை அடிக்கறே."

"அதுல ஒரு ஓட்டம் இருக்குண்ணே. தண்ணி மாதிரி. உன்னை மாதிரி ஒரே இடத்துல முறுக்கிக்கிட்டு நிக்கறதில்லை."

"நிக்கறதுதான்டா கஷ்டம். கடைசியில சவாசனம்னு ஒண்ணு. அசையாம, பேசாம, மூச்சை மட்டும் கவனிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் கிடந்து பாரு, தெரியும்."

"அய்யா எட்டு மாசமா அதைத்தான் பண்றாரு," என்றாள் நர்ஸம்மா.

இளையவர் மறுபடியும் செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவரின் கண்கள் மட்டும் இந்தப் பிள்ளையிடமிருந்து அந்தப் பிள்ளைக்குப் போய்ப் போய் வந்தன.

நர்ஸம்மாவே பேச்சை எடுத்தாள். "சரி, ரெண்டுல எதுலதான் இடுப்பு பலமாகும்? நானும் ஒண்ணு கத்துக்கணும். வாயால சொன்னா எப்படி நம்பறது?"

வேறென்ன வேண்டும்? இளையவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். "எடையைக் கையில வாங்கக் கூடாதும்மா, கால்ல வாங்கணும். இப்பப் பாருங்க."

"மூச்சை விட்டுக்கிட்டே தூக்கணும்டா, அரைகுறை! தள்ளு."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். அப்பாவின் தலை இளையவர் தோளில் சாய்ந்தது. ஆடுகிற அந்த ஒரே கை மூத்தவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் விடவில்லை.

"பாத்தியா? எனக்கு மூச்சே வாங்கலை," என்றபடி மூத்தவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"மெதுவா வெச்சது நானாக்கும்!"

யார் தூக்கியது ஒழுங்கு என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட மறந்துபோச்சு.

கார்ப் பக்கம் போன பிறகுதான் மூத்தவருக்கு ஞாபகம் வந்தது. மூக்குக் கண்ணாடி உள்ளேயே இருக்கிறது. நர்ஸம்மாவை நிறுத்துவதாகச் சொல்லவும் இல்லை. இரண்டையும் முடித்துவிடலாம் என்று திரும்பி வந்தார்.

கதவு ஒருக்களித்திருந்தது. பெல்ட் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா அப்பாவின் அக்குளில் கை கொடுத்து, ஒற்றை ஆளாக, ஒரே தூக்கில் அவரைக் கட்டிலுக்கு மாற்றினாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி.

"இன்னைக்கு ரெண்டு பேர் கையும் மேல பட்டுச்சுல்ல? அப்புறம் எதுக்கு அழுகை? அடுத்த ஞாயிறும் எனக்கு இடுப்பு பிடிக்கும், பேசாமத் தூங்குங்க."

திரும்பியவள் வாசலில் நிற்கிறவரைப் பார்த்தாள். பதறவில்லை. கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"உங்களுக்கு... இடுப்பு..." என்று இழுத்தார் மூத்தவர்.

நர்ஸம்மா கம்பியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முன்னைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டாள்.