கதவுத் துளையில் விழுந்த தெரு

ரேடியோ மெக்கானிக் சண்முகவேலுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். கடை ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, கதவில் சின்னதாக ஒரு துளை போட்டிருந்தார். எதிர்ச்சுவரில் கட்டிய வேட்டியில் வெளியே இருக்கும் தெரு தலைகீழாக விழுந்தது. அது சரிதான், துளை வழியே வரும் பிம்பம் அப்படித்தான் விழும். தெருவில் நெசவு நூலைப் பாவாக நீட்டிக்கொண்டிருந்த நெசவாளிகள் எல்லோரும் தலைகீழாகத் தொங்கினார்கள். பாவின் கோடியில், மண்ணில் ஊன்றிய கம்பைப் பிடித்திருந்த காசிலிங்கம் மட்டும் நேராக நின்றார்.

சண்முகவேல் துளையைச் சுரண்டினார். வேட்டியை மாற்றினார். காசிலிங்கம் அப்படியேதான் நின்றார். பங்குனிப் பொங்கல் கூட்டத்துக்கு இதைக் காட்டப்போவதாக அருப்புக்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று.

மனைவி கோகிலாம்பாளை உள்ளே நின்று பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் பொழப்பே கெடுது."

"அப்ப நீங்க கம்பைப் புடிங்க. விட்டுறாதீக."

கம்பு சாய்ந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துச் சண்முகவேல் பிடித்துக்கொண்டார். காசிலிங்கம் நகர்ந்து போய்க் கைகளை உதறிக்கொண்டார்.

"என்னங்க, அவரு தலைகீழாயிட்டாரு!" கோகிலாம்பாள் உள்ளேயிருந்து கத்தினாள். "இப்ப நீங்கதான் நேரா நிக்கிறீக!"

"சனியன்!" என்று சண்முகவேல் ஒரு கையைக் கம்பிலிருந்து எடுத்து உதறினார். சட்டைப்பையிலிருந்த திருப்புளி நழுவி, அவர் மோவாயை உரசிக்கொண்டு மேலே வானத்தை நோக்கிப் போனது.

அவர் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.