கடைசி கோலுக்கு ஒரு ஹார்ன்

"இன்னும் ஓடுறானா அவன்?"

"கால் ரெண்டும் எப்பவோ செத்துப்போச்சு நோலீன். மேல இருக்கிற உடம்புக்குத்தான் இன்னும் தகவல் போகல."

நோலீன் சிரித்த சிரிப்பில் முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. கணவர் மெர்வுக்குக் கண்புரை வந்ததிலிருந்து ஸ்டியரிங் அவள் கையில்தான். மைதானத்தைச் சுற்றிலும் வண்டிகள், வேலியை முகரும் மாடுகளைப் போல, மூக்கை உள்ளே நீட்டி நின்றன. வாரிங்கா ஊரின் குளிரில் யாரும் வெளியே நின்று, பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் இந்த ஆஸ்திரேலிய ஃபுட்பாலைப் பார்ப்பதில்லை.

இருவரும் பேசிக்கொண்டிருந்தது எதிரணியான கில்டூன் ஊர் அணியின் பதினோராம் எண்காரன் டேரனைப் பற்றி. முப்பத்தெட்டு வயது, இரண்டு முழங்கால்களிலும் கட்டு. இன்றோடு ஆட்டத்தை விடுகிறான் என்று காலையில் வானொலியில்கூடச் சொல்லிவிட்டார்கள்.

"வானொலியில சொல்ற அளவுக்கு என்னத்தக் கிழிச்சான்?" என்றாள் நோலீன். "வாரிங்கா மண்ணுல பந்து உதைக்கக் கத்துக்கிட்டு, கல்யாணம் ஆனதும் மாமனார் ஊருச் சட்டைய மாட்டிக்கிட்டவன்."

"அந்தச் சட்டையும் இப்ப பத்தல. வயித்துகிட்ட பாரு," என்றார் மெர்வ், கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை' பண்டத்தின் மேல் தக்காளி சாஸைப் பிழிந்தபடி.

"அது உனக்குத் தெரியுதா?"

"அவ்வளவு பெரிசா இருந்தா குருடனுக்கும் தெரியும்."

களத்தில் வாரிங்காவின் இளம் வீரன் டல்லி கோல் போட்டான். ஸ்கோர்போர்டு பக்கம் நின்ற வெள்ளை வண்டியில் அவன் அக்கா முதலில் ஹார்னை அழுத்தினாள். வழக்கம்போல, அதன் பிறகுதான் வாரிங்காக்காரர்களின் வண்டிகள் எல்லாம் சேர்ந்து அலறின. கோதுமைக் கிடங்கின் உச்சியிலிருந்த காக்கட்டூ பறவைகள், யாரோ வெள்ளைத் துணியை உதறியதைப் போல எழுந்து பறந்தன.

"அந்தப் பொண்ணு எப்பவும் ரெடியா இருப்பா," என்றார் மெர்வ்.

நோலீனும் அடித்தாள், வேண்டுமென்றே நீளமாக.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பக்கத்து வண்டிக்காரர் கோலின், கழுத்தில் கில்டூன் மஃப்ளர். நோலீன் இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினாள்.

"நோலீன், இன்னைக்கு அவன் ஒரு கோல் போட்டாலும் போட்டுடுவான்."

"கனவுக்கு டிக்கெட்டா வாங்கணும்? காணு."

"போட்டான்னா ஹார்ன் சத்தத்தோட போகட்டுமே. கடைசி நாள்."

"ஏன், உன் வண்டியில ஹார்ன் இல்லையா?"

கோலின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மெர்வைப் பார்த்தார். மெர்வ் கையிலிருந்த தின்பண்டத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"குளிர் உள்ள வருது கோலின்," என்று நோலீன் கண்ணாடியை ஏற்றினாள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் டேரன் எம்பினான். எம்பினான் என்பதே ஒரு மரியாதைக்குத்தான். மற்ற இருவர் சேற்றில் வழுக்கி விழ, பந்து தானாக வந்து அவன் நெஞ்சில் விழுந்தது. அணைத்துக்கொண்டான். அடுத்த நொடியில் ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்தது.

சைரனுக்கு முன்னால் பந்தைப் பிடித்தவனுக்கு ஓர் உதை பாக்கி உண்டு. வாரிங்கா எப்போதோ ஜெயித்துவிட்டது. இந்த உதையால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

"பாரேன்," என்றாள் நோலீன். "பந்து அங்கயே கிடக்கும். கால்தான் பறக்கும்."

டேரன் நொண்டியபடி ஓடிவந்து உதைத்தான். பந்து தள்ளாடித் தள்ளாடி, உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே போய் விழுந்தது. கோல்தான் என்று காட்ட, கோல் நடுவர் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் வீசினார்.

ஒரு ஹார்னும் அடிக்கவில்லை.

கில்டூன்காரர்களின் வண்டிகள் ஒரு பக்கம் முழுக்க நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. டேரனைத் தோளில் தூக்கிப் போவதற்காக ஓடிவந்த இரண்டு பேர், பாதி குனிந்தபடியே நின்று வண்டிகளின் பக்கம் பார்த்தார்கள். கோலினின் உள்ளங்கை அவருடைய ஸ்டியரிங்கின் நடுவில் இருந்தது. அழுத்தாமல் சும்மா இருந்தது.

"பாத்தியா," என்றாள் நோலீன் மெல்ல. "அவன் ஊர்க்காரனே அடிக்கல."

மெர்வ் இந்த முறை கேலியில் சேரவில்லை. "நோலீன், போதும்."

"கையில இருக்கிறதச் சாப்பிடு. ஆறிப்போகுது."

அவள் தன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

டேரன் தூக்க வந்தவர்களை விலக்கினான். அந்தப் பெரிய மைதானத்தின் குறுக்கே தனியாக நடந்து வந்தான். மாலை வெளிச்சம் அவன் முதுகுப் பக்கம் இருந்ததால், அருகில் வரும்வரை முகம் தெரியவில்லை. வேலிக்கு மேலே ஒரு காலைக் கையால் தூக்கி வைத்தான். பிறகு இன்னொரு கால். தாண்டி வந்து நோலீன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான்.

நோலீன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இறங்கவில்லை.

பல்லுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய கண்ணாடிக்குக் கேட்கும்படி அவன் குனிந்தான்.

"நம்ம வீட்டு வண்டி அடிக்காம வேற யாரும் அடிக்க மாட்டாங்கம்மா. ஒரே ஒரு தடவை அடிம்மா."