மீசைக்கு ஒரு சீட்டு

திருத்தணி மலையடிவாரச் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில், முடி காணிக்கைச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் மீசையை முறுக்கியபடி நின்றார் ராஜமாணிக்கம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அவர் முதுகை நெருக்கியது.

"மீசைக்கு மட்டும் ஒரு சீட்டு."

"மொட்டையோ மீசையோ, எல்லாத்துக்கும் ஒரே சீட்டுதான் பெரியவரே" என்று கிழித்துக் கொடுத்தார் உள்ளே இருந்தவர்.

வெளியே பூக்கூடையோடு நின்றிருந்த சந்திரா, கணவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "அய்யய்ய, யாருக்குங்க இது?"

"என் தம்பிக்கு" என்றார் அவர். மூன்று வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது. தம்பி மணவாளன் தன் மகள் சௌமியாவுக்கு அச்சடித்த பத்திரிகையில், அண்ணன் பெயருக்கு முன்னால் 'திரு' விடுபட்டுப் போனது. அரக்கோணத்துக் கல்யாண மண்டபத்தில், பந்தி நடுவே எழுந்து நின்றுவிட்டார் ராஜமாணிக்கம்.

"திருத்தணிக்குத் திரு போட்டுக்கிறான், திருவள்ளூருக்கும் போட்டுக்கிறான். எனக்கு மட்டும் இல்லியா?"

ஊர்ப் பெயரில் அது ஒட்டியே வருவது என்று மணவாளன் சொல்லிப் பார்த்தான். குடும்ப மானம் போன இடத்தில் இலக்கணம் எடுபடுமா? கடைசியில் தீர்ப்பையும் ராஜமாணிக்கமே சொன்னார்.

"இனிமே நமக்குள்ள பேச்சே கெடையாது. எவன் மொதல்ல கூப்பிடறானோ, அவன் மீசை திருத்தணியில போயிடணும். பாவா, நீங்கதான் சாட்சி!"

அக்காள் புருஷன் முரளிதரன், பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கியபடியே தலையாட்டினார். "ஆங், ஆவட்டும்" என்றான் மணவாளன்.

அதற்காகக் குடும்ப வழக்கங்களைக் கைவிடுகிறவரா ராஜமாணிக்கம்? கொஞ்சம் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான். தீபாவளிக்கு எண்ணெய் முழுக்கு ஆனதும் தம்பி வந்து அவர் காலில் விழுவது வழக்கம். இப்போது அவன் பங்குக்கும் சேர்த்துச் சந்திராவே இரண்டு தடவை விழுந்து எழுந்தாள்.

பொங்கலுக்குத் தம்பியின் இலையும் தவறாமல் விழுந்தது. அதில் முழுச் சாப்பாடும் பரிமாறி, வேறு யாரும் உட்காராமல் காவல் இருந்து, பிறகு மாட்டுக்கு வைத்தார்கள். அவர் ஊரான கே.ஜி.கண்டிகையிலேயே அதிகமாகக் கொழுத்த மாடு அவருடையதுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரே காவடியை மாற்றி மாற்றிச் சுமந்து படியேறிய அண்ணன் தம்பிக்கு, ஆளுக்கொரு காவடி ஆனது. அண்ணன் காலையில் ஏறுவார், தம்பி மத்தியானம் ஏறுவான். ஆனால் இந்த வருஷம் வெயில் உச்சிக்கு வந்தும் ராஜமாணிக்கம் அடிவாரத்தை விட்டு நகரவில்லை. சாட்சிக்கு முரளிதரனையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"வர்ற தீபாவளிக்கு என் முட்டி தாங்காதுங்க" என்றாள் சந்திரா. "நீங்களே போயி ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

"நானா? அவனைப் பேச வைக்கிறேன் பாரு. காவடி தோள்ல இருக்கச்சொல்ல, முருகன் பேரைச் சொன்னா எவனாவது வாயை மூடிகினு இருக்க முடியுமா? அரோகரான்னு சொல்லித்தானே ஆவணும்?"

சந்திரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க வாய் சும்மா இருந்தா சரி."

அந்த நேரம் பார்த்து மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக மணவாளன் வந்தான். மூன்று வருஷத்தில் கிருதா முழுக்க நரைத்திருந்தது. ராஜமாணிக்கம் ஒரு கணம் அந்த நரையையே பார்த்தார். சட்டென்று தம் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவனுக்குப் பத்துப் படி முன்னால் ஏறத் தொடங்கினார்.

நூறாவது படியில் நின்றார். நன்றாகத் திரும்பி, தம்பியின் முகத்துக்கு நேராகவே குரலெடுத்தார்.

"திருத்தணி முருகனுக்கு...!"

சுற்றிலும் இருந்தவர்கள் "அரோகரா" என்றார்கள். மணவாளனின் உதடு மட்டும் இறுகிக் கிடந்தது. அவன் அண்ணனைப் பார்த்தான், அவர் மீசையைப் பார்த்தான், அவர் கூடவே ஏறி வந்திருந்த முரளிதரனைப் பார்த்தான். பிறகு மலையே அதிரும்படி வாயைத் திறந்தான்.

"அரோகரா!"

"சொல்லிட்டான்!" படியிலேயே குதித்தார் ராஜமாணிக்கம். காவடிப் பூ உதிர்ந்தது. "பதில் சொல்லிட்டான்! பாவா, காதுல வுழுந்துச்சா?"

"ஆங், ரெண்டுமே நல்லா வுழுந்துச்சு மச்சான்" என்றார் முரளிதரன்.

ராஜமாணிக்கம் இடுப்பிலிருந்த சீட்டை உருவித் தம்பியிடம் நீட்டினார். மணவாளன் அதை வாங்கி ஒரு தடவை படித்தான். மேலே ஏறி வந்து, மரியாதையாகக் குனிந்து, அதை அண்ணன் இடுப்பிலேயே திரும்பச் சொருகினான்.

"நான் பதில்தாண்ணா சொன்னேன். மொதல்ல கூப்பிட்டது, திரு. ராஜமாணிக்கம்!"