வாபஸ் பொத்தான்

"சார், சார், நிறுத்தச் சொல்லுங்க சார்! கையெடுத்துக் கும்பிடறேன்!"

வாசலில் வந்து நின்ற இடிக்கும் இயந்திரத்துக்கும் தன் வீட்டுச் சாய்தளத்துக்கும் நடுவே போய் நின்றுகொண்டார் பஸ் கண்டக்டர். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"நான் என்ன சார் பண்றது?" நகராட்சி மேற்பார்வையாளர் தன் போனை நீட்டிக் காட்டினார். "நம்ம ஊர் ஆப்புல புகார் வந்திருக்கு. நடைபாதை ஆக்கிரமிப்பாம். மேப்புல புள்ளி உங்க வாசல்லதான் விழுந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள இடிச்சு போட்டோ ஏத்தலைன்னா என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"ஆக்கிரமிப்பா? என் வீட்டுக்காரி சக்கர நாற்காலியில வெளியே வரணும்னு போட்டது சார் இது. விபத்துக்கு அப்புறம் நாளைக்குத்தான் முதல் தடவையா வேலைக்குப் போறா. இதை இடிச்சிட்டா அவ எப்படி இறங்குவா?"

மேற்பார்வையாளருக்கும் மனசு கேட்கவில்லை. "ஒரே ஒரு வழி இருக்கு. புகார் கொடுத்தவரே 'வாபஸ்'னு போன்ல ஒரு தட்டு தட்டினா, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"யாரு அது? பேரைச் சொல்லுங்க, கால்லயே விழறேன்."

"பேரை ஆப்பு எனக்கே காட்டாதுங்க! ஜனங்க பயப்படாம குறை சொல்லணும்னுதானே ஆப்பையே விட்டிருக்காங்க. நீங்களே தேடிப் பிடிங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார் கண்டக்டர். தெருவில் யாரைக் கேட்டாலும் பச்சைப் பிள்ளைகள்தான். மாடி வீட்டு நர்ஸ், "அண்ணிக்கு ஆகாததை நான் செய்வேனாண்ணே?" என்று கண் கலங்கினாள். மூலை வீட்டு வக்கீல், "புகார் கொடுக்கறதா இருந்தா நேரா கோர்ட்டுக்கே போயிருப்பேனேய்யா" என்று சிரித்தார். இந்த நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வேறு!

மேற்பார்வையாளர் இந்நேரம் டீயைக் குடித்து முடித்திருப்பார். மிச்சம் இருந்தது எதிர்க் கடை டெய்லர் ஒருவர்தான். அவர் மேல் சந்தேகப்பட கண்டக்டருக்கு ஒரு காரணமும் இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது.

"யோவ் டெய்லரு! உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணேன்? என் மேல கோபம்னா என்னை நாலு அறை அறை. நடக்க முடியாதவ வழியை ஏன்யா மறிக்கிறே? முதல்ல வாபஸ் வாங்கு!"

டெய்லர் காதில் செருகியிருந்த சாக்கட்டி கீழே விழுந்தது. "கண்டக்டர் சார்... என்னையா சொல்றீங்க?" பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து நீட்டினார். "இதுல எந்த ஆப்பு சார் ஏறும்? நீங்களே பாருங்க."

அதற்குள் எதிரே இயந்திரம் உறுமியது. கண்டக்டர் திரும்பி ஓடுவதற்குள் சாய்தளம் இரண்டாகப் பிளந்து விழுந்தது. மேற்பார்வையாளர் தலையைக் குனிந்தபடியே போட்டோ எடுத்தார், ஏற்றினார், வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இடிபாட்டின் மேலேயே உட்கார்ந்து கண்டக்டர் வாய்விட்டு அழுதார். நாளைக்கு அவளை எப்படி இறக்குவது?

"எழுந்திருங்க சார். இதுக்குப் போய் இடிஞ்சு உட்கார்ந்தா ஆச்சா?"

டெய்லர் தன் கடை முன்னால் போட்டிருந்த வெட்டு மேசையின் பலகையைக் கழற்றித் தலையில் தூக்கி வந்திருந்தார். படியில் சாய்த்து வைத்து, கீழே செங்கல்லை முட்டுக் கொடுத்தார். "தங்கச்சி இதுல இறங்கட்டும். ராம்ப் மறுபடி கட்டற வரைக்கும் நான் தரையில போட்டுத் துணி வெட்டிக்கறேன்."

"அய்யோ, உங்களைப் போய் கண்டபடி பேசிட்டேனே..."

"விடுங்க சார். வயித்தெரிச்சல்ல பேசறதுதானே!"

"என்னங்க, சார்ஜ்ல கிடந்த உங்க போன் கத்திக்கிட்டே இருக்கு" என்று மனைவி நாற்காலியை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தாள். பலகை ஆடாமல் டெய்லர் குனிந்து பிடித்துக்கொள்ள, அவள் போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். "'நீங்கள் நின்று புகார் அளித்த இடத்தில் இருந்த நடைபாதை ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது. உங்களுக்குத் திருப்தியா?'ன்னு கேக்குதுங்க. நீங்க எப்போ புகார் கொடுத்தீங்க?"

டெய்லரின் மேசை நடைபாதையை அடைக்கிறதே என்று எரிச்சல்பட்டு, அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பயந்து, தன் வீட்டுச் சாய்தளத்தின் மேலேயே நின்று போனில் புகாரைத் தட்டிவிட்டது கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.