நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இது நூலகப் புத்தகமா, உங்க வீட்டுச் சுவரா?"

நூலகர் புத்தகத்தை மேசைமேல் தட்டினார். பக்கங்களுக்கு நடுவிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. எதிரே நின்ற தச்சர் மறுக்கவில்லை. மறுத்துத்தான் என்ன பயன்? தடித்த தட்டைப் பென்சில் காதிலேயே செருகியிருந்தது. நூலகர் ஆறு மாதமாகத் தேடிய ஆள் இன்று கையும் களவுமாகச் சிக்கிக்கொண்டார்.

"சனிக்கிழமை மேலதிகாரி ஆய்வுக்கு வர்றார். இதையெல்லாம் பார்த்தா என் மானம் கப்பலேறிடும், தெரியுமா?"

மேசைமேல் நான்கு புத்தகங்கள். எல்லாமே இளையோர் அலமாரியில் இருந்தவை. முதல் புத்தகத்தில் ஒரு டிராகன் கோட்டைக் கதவை உடைக்கிறது. ஓரத்தில் தச்சரின் கருத்து: 'இந்தக் கதவு ஒரே உதையில் விழாது. கீல் உள்பக்கம் இருக்கிறது.' அதற்குக் கீழே பச்சைப் பென்சிலில் யாரோ பதில் எழுதியிருந்தார்கள்: 'டிராகனுக்கு இதெல்லாம் தெரியுமா?'

நூலகருக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"பதினாறு வயசுப் பிள்ளைங்க படிக்கிற கதையில உங்களுக்கு என்னங்க வேலை?"

"நல்லாத்தான் எழுதறாங்க மேடம். ஆனா இப்ப வர்ற கதை எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்துலயே அம்மாவைக் கொன்னுடறாங்க. பொண்ணு வாளைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறா. மிச்சமிருக்கிற அப்பன் ஒண்ணு வில்லன், இல்லன்னா முட்டாள். பாவம், அவன் பக்கத்து நியாயத்தை ஒருத்தரும் எழுதறதில்ல."

"அதை வீட்ல சொல்லுங்களேன். கிறுக்கறதுக்கு என் புத்தகம்தான் கிடைச்சுதா?"

"வீட்ல ஆள் இருக்கு மேடம். பேச்சுதான் இல்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் நூலகரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் விதி விதிதான். இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார்.

"எல்லாத்தையும் அழிங்க. இந்தப் பச்சைப் பென்சில் யாரு?"

"தெரியாதுங்க. யாரோ படிக்கிற பொண்ணு போல. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறதா நினைக்கிறேன்."

மூன்று புத்தகங்களில் இருந்த கிறுக்கலைத் தச்சர் சமர்த்தாக அழித்து முடித்தார். நான்காவதில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கை நின்றுவிட்டது.

அது விண்வெளிக் கதை. கப்பலின் பின்னறையில் அம்மா சாகக் கிடக்கிறாள். கப்பலைத் தரையிறக்க வேண்டிய மகளிடம், 'அம்மா தேறி வருகிறாள்' என்று பன்னிரண்டு நாள் பொய் சொல்கிறார் அப்பா. கப்பல் இறங்குவதற்குள் அம்மா போய்விடுகிறாள்.

ஓரத்தில் பச்சைப் பென்சில் கொதித்திருந்தது: 'இந்த அப்பா ஒரு கோழை. கடைசியாக ஒருமுறை அம்மாவின் கையைப் பிடிக்க அவளுக்கு உரிமை இல்லையா?'

அதற்குக் கீழே தச்சரின் பதில்: 'சொன்னால் அவள் கை நடுங்கும், கப்பல் உடைந்துவிடும் என்று பயந்தான்.'

'உடைந்தால் உடையட்டும்! கப்பலா பெரிது?'

'இல்லை. தப்புதான். தினமும் அதை நினைத்து அழுகிறான்.'

நூலகர் நிமிர்ந்தார். "நானும் இந்தக் கதையைப் படிச்சிருக்கேன். அப்பா அழற மாதிரி எங்கயும் இல்லையே?"

"எழுத மறந்துட்டாங்க மேடம்." தச்சர் ரப்பரை மேசைமேல் வைத்தார். "இந்த ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டு வைங்க. கடைசி வரியை அந்தப் பொண்ணு பார்க்கணும். அன்னைக்குச் சாயங்காலமே நான் வந்து அழிச்சுடறேன். வேணும்னா என் லைப்ரரி கார்டையும் இப்பவே வாங்கிக்கோங்க."

ஒரு கதைச் சண்டைக்காக இந்த மனுஷன் கார்டையே தூக்கிக் கொடுக்கிறாரே! நூலகருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது இருக்கும். நேரே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே பக்கத்தைப் பிரித்தாள். நடுவில் கிடந்த மரத்தூளை ஊதித் தள்ளாமல் விரலால் தொட்டுப் பார்த்தாள். கடைசி வரியை வெகுநேரம் படித்தாள்.

"நீதானா அந்தப் பச்சைப் பென்சில்?" நூலகர் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் பயப்படவில்லை. "இதுல எழுதறவரை நீங்க பார்த்தீங்களா மேடம்? எப்படி இருக்கார்?"

"கேள்வியைப் பாரு! உன்கூட வாதாடி ஜெயிக்கணும்னு கார்டையே குடுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் வந்து இந்தப் பக்கத்தையும் அழிக்கப் போறார். நீ எழுதினதும் சேர்ந்துதான் போகும்."

"என் கார்டையும் எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி மூணே மூணு வரி எழுதிக்கறேன்."

கூடாது என்று சொல்லத்தான் நூலகர் வாயெடுத்தார். மனம் வரவில்லை. அவள் எழுதி, புத்தகத்தை மூடி, கார்டை அதன்மேல் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தச்சர் புது ரப்பரோடு ஏறி வந்துகொண்டிருந்தார். நூலகருக்குப் பொறுக்கவில்லை, அவர் வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கத்தைப் பிரித்துவிட்டார்.

'கப்பல் என்று நீங்கள் எழுதுவது என் பரீட்சையைத்தானே, அப்பா? அம்மாவின் கடைசிப் பன்னிரண்டு நாளையும் எனக்குச் சொல்லுங்கள். இன்று என் அறைக் கதவைத் தாழிட மாட்டேன்.'