இல்லாத டிஸ்க்

"இதுக்குப் பேருதானுங்க டிஸ்க்," என்று உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார் பேராசிரியர் அர்த்தநாரி. கம்பெனியின் வெள்ளி ஸ்டிக்கர் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது. "தொட்டுப் பாக்கலாம். கீழ போட்டாச் சத்தம் கேக்கும். அம்மணி மூணு வருசமா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்குதே, அதைத் தொட முடியுமா?"

பிரின்சிபால் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு பேராசிரியர், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தார். திரைக்கு அருகே நின்றிருந்த கோகிலவாணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாமக்கல் ரோட்டு மேலிருக்கும் அந்த எஞ்சினியரிங் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி; அர்த்தநாரி அவளுக்கு கைடு. இல்லாத ஒரு டிஸ்க்கை இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும் புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். கம்பெனி வெளியிட்ட கையேட்டை வரி வரியாகப் படித்து, நிஜ டிஸ்க் தகவலை எழுத எவ்வளவு நேரம் எடுக்குமோ அதே நேரம் எடுக்கும்படி, அது எங்கே மூச்சு வாங்குமோ அங்கே மூச்சு வாங்கும்படி செய்திருந்தாள். டிஸ்க் கிடைக்காதவர்களும் இதை வைத்து ஆராய்ச்சி செய்யலாம்.

அர்த்தநாரிக்கு அது பொம்மை. "கெங்கவல்லிக் கெழங்குக் காட்டுல கூலிக்குப் போறவன் புள்ளைய லேப்ல உக்கார வெச்சா, பொம்மைதான் செய்யும்" என்று அவள் காதில் விழும்படியே ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் முன்பு, தான் டிஸ்க்கில் எடுத்த அளவுகளோடு ஒத்துப்போகும்படி அவளுடைய வரைபடக் கோட்டை ஓரிடத்தில் வளைத்துவிடச் சொன்னார். "காரணம் தெரியாம வளைக்க முடியாதுங்க சார்" என்றாள். அன்றைக்குப் பிறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அம்மணிதான்.

இன்று கமிட்டி ஒப்புக்கொண்டால் அவள் தீசிஸ் கொடுக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதில் எந்தச் சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்று, அந்த டிஸ்க்கைச் செய்யும் கம்பெனியிலிருந்தே ஒருவரை வெளி நிபுணராக வரவழைத்திருந்தார் அர்த்தநாரி. அன்பரசு என்ற அவர் பெங்களூரிலிருந்து காலையில்தான் வந்திருந்தார்.

"திரையப் பாருங்க, டிஸ்க் எழுதற வேகம். நீலக் கோடு அம்மணியோடது. சிவப்பு, நான் இந்த டிஸ்க்குல ஓட்டுனது. மொத அஞ்சு நிமிசம் ரெண்டும் ஒண்ணாப் போவுதுங்களா? அப்பறம் பாருங்க, நிஜம் தொபுக்கடீர்னு உழுவுது. பொய்யி பாட்டுக்கு நேராப் போய்க்கிட்டே இருக்குது."

"கையேட்டுப்படி அந்த எடத்துல விழக்கூடாதுங்க சார்," என்றாள் கோகிலவாணி. "நாப்பது தடவை சரிபார்த்துட்டேன். விழறதுக்குக் காரணமே இல்லை."

"காரணத்தை நான் சொல்றேன். அந்தச் சரிவை வெச்சு ரெண்டு பேப்பர் எழுதியிருக்கறேன். வெளிநாட்டுக்காரனே ஒத்துக்கிட்டான். கையேடு படிச்சவளுக்குத் தெரியுமா, கையில டிஸ்க் வெச்சிருக்கறவனுக்குத் தெரியுமா?"

"நானும் அதுல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறேன்னு எத்தனையோ நாள் கேட்டேனுங்க சார். டிஸ்க் இருக்கற பீரோ சாவியை நீங்க..."

"எதுக்கு? கீழ போட்டு ஒடைக்கறதுக்கா?" அவர் பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "இந்த மாடல் லேசுல கெடைக்காதுங்க. ஆறு மாசம் காத்திருக்கோணும்னாங்க. சேலத்துல கடை வெச்சிருக்கற எங்க மச்சினன் சிவக்குமாரு ஒரே வாரத்துல கொண்டாந்து குடுத்துட்டான். இதையெல்லாம் கண்டவங்க கையில குடுக்க முடியுங்களா?"

பிரின்சிபால் தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது அடங்கும்வரை காத்திருந்து, அர்த்தநாரி டிஸ்க்கை அன்பரசுவிடம் நீட்டினார். "உங்க ஊட்டுப் புள்ளைங்க சார். நல்லாப் பாருங்க."

அன்பரசு அதைத் திருப்பி, பின்பக்கம் இருந்த சீரியல் எண்ணைத் தன் லேப்டாப்பில் தட்டினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து இன்னொரு முறை தட்டினார்.

அர்த்தநாரி அறிக்கைத் தாளை அவர் முன்னால் நகர்த்தி, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "நெறைய எழுத வேண்டாமுங்க. 'நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை.' ஒரே வரி போதும்."

கோகிலவாணி தன் லேப்டாப் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அர்த்தநாரிக்கு மனசு குளிர்ந்தது.

அன்பரசு எழுதியதும் ஒரே வரிதான். 'தீசிஸ் சமர்ப்பிக்கலாம்.' கீழே கையெழுத்துப் போட்டு, தாளை பிரின்சிபாலிடம் கொடுத்தார்.

அர்த்தநாரி எட்டிப் படித்துவிட்டுத் திடுக்கிட்டார். "ஏனுங்க சார், ரெண்டு கோடும் ஒத்துப்போவலைன்னு கண்ணு முன்னாலயே தெரியுதில்லீங்க?"

"அவங்களோட நீலக் கோடுதான் சார் எங்க லேப்லயும் வருது. ஒரு இம்மி மாறலை."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இருவரையும் துணைக்குப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, நீங்க செஞ்ச டிஸ்க்கே தப்புங்கறீங்களா?"

அன்பரசு டிஸ்க்கை இரண்டு விரலால் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை நாங்க செய்யவே இல்லைங்க சார்."