கூடப் பிறந்தது

“அம்மா வயித்துக்குள்ள இருந்தப்போ எனக்கு யாரு மூச்சு விட்டாங்க பெரியப்பா?”

பக்கத்து வீட்டு நிங்ரும் ஒருமுறை கஸ்னோவைக் கேட்டாள். அப்போது அவளுக்கு நான்கு வயது.

கஸ்னோ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “உன்கூடப் பொறந்தவன். உனக்காக அவன்தான் மூச்சு விட்டான், அவன்தான் சாப்பிட்டான். நீ வெளியே வந்ததும் அவன் வேலை முடிஞ்சுபோச்சு. இப்போ உங்க வாசலுக்கு அடியில தூங்கறான்.”

அதன்பின் ஒரு வாரம் அவள் வாசலை நுனிக்காலிலேயே தாண்டினாள்.

இன்று விடியற்காலையில் நிங்ருமுக்குத் தம்பி பிறந்தான். கூடவே வந்த நஞ்சுக்கொடியை மண்பானையில் போட்டு, சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

அதைக் கழுவிப் புதைப்பது தகப்பனின் வேலை. தகப்பன் ஜுமாடி சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருந்தான். கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம்.

அவனுக்குப் பதிலாகத் தானே கழுவலாம் என்று கஸ்னோ குளித்து, தொழுகைக்குப்போல் முகம் கைகால் கழுவி ஒளு செய்து, வெளுத்த கைலி கட்டிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார். ஜுமாடியின் மனைவி ரெட்னோவுக்கு ஒரு அக்கா, சுமிரா. அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பிள்ளை இல்லாத கை. இது பச்சக்குழந்தை விஷயம்.”

கஸ்னோ தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

கழுவியது ஜுமாடியின் தம்பி திக்னோ. நகரத்தில் கைபேசி விற்கிறவன். கழுவுகிறவர் சிரித்த முகமாக இருந்தால் பிள்ளையின் முகம் மலர்ந்திருக்கும், இரண்டு கையாலும் கழுவினால் பிள்ளைக்கு இரண்டு கையும் நன்றாக வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. திக்னோ ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினான்.

“டேய், முகத்தைத் திருப்பாதடா! பிள்ளைக்கு மாறுகண் வந்துடும். சிரி!” என்று சுமிரா அதட்டினாள்.

“இந்த நாத்தத்துல சிரிப்பு வருமாக்கா? நீயே வந்து சிரி.”

“நாளைக்கு உனக்கும் ஒண்ணு பொறக்குமில்ல, அப்போ பாக்கறேன் உன் மூஞ்சிய.”

வாசலில் ஒரு சாண் ஆழம் தோண்டினான். பானையை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தான். பிறகு எல்லோரும் வண்டி பிடித்துத் தாயையும் பிள்ளையையும் அழைத்துவரக் கிளம்பினார்கள். ரெட்னோவுக்கு நிறைய ரத்தம் போயிருந்தது. அவளைத் தாங்கி நிறுத்தவே இரண்டு பேர் வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடித்து வெளியே வந்த கஸ்னோவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு கோழி.

கூடையைச் சாய்த்துவிட்டு அது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடியைச் சுற்றிய வெள்ளைத் துணியின் முனை வெளியே வந்திருந்தது. திக்னோ பானைக்கு மூடி போடவே இல்லை.

ரெட்னோ வந்து இறங்கியதும் தன் வாசலில் முதலில் காணப்போவது இதுதான். கஸ்னோ வேலியைத் தாண்டினார்.

கோழியை விரட்டிவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினார். பானையை இரண்டு கையாலும் ஏந்திக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார்.

தென்னை ஓலைகளின் இடுக்கு வழியே வெயில் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் சிவந்தது. பிறகு ரோஜா நிறமானது. பிறகு தெளிந்தது.

தெளிந்த நீருக்குள் ஒரு மரம் தெரிந்தது.

தொப்புள்கொடி அதன் அடிமரம். அங்கிருந்து நீல நரம்புகள் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, ஓரம்வரை மெலிந்துகொண்டே போயின. ஒன்பது மாதமாக வெயிலே படாமல் வளர்ந்த மரம். தண்ணீர் அசைந்தபோது அதற்கும் காற்று வீசியதுபோல் இருந்தது.

தாதி ஒருமுறை சொல்லியிருந்தாள். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் இதற்குள் கலப்பதே இல்லையாம். நடுவில் வெங்காயச் சருகைவிட மெல்லிய சுவர். இந்தப் பக்கத்து ரத்தம் கொடுக்கும், அந்தப் பக்கத்து ரத்தம் வாங்கிக்கொள்ளும். ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை.

படைத்தவன் எவ்வளவு கூச்சத்தோடு கொடுக்கக் கற்றுத் தந்திருக்கிறான் என்று கஸ்னோவுக்குத் தோன்றியது.

மறுபடி துணியில் சுற்றி, பிள்ளைக்குப் படிப்பும் கைவேலையும் வரட்டும் என்று சுமிரா பானைக்குள் வைத்திருந்த பென்சிலையும் ஊசியையும் அப்படியே திரும்ப வைத்தார். ஒரு பிடி உப்பு தூவினார். தன் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு மூடி கொண்டுவந்து பானையை மூடினார். குழியை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, “பிஸ்மில்லா” என்று சொல்லி இறக்கினார். உள்ளங்கையால் மண்ணைச் சமப்படுத்திக் கூடையைக் கவிழ்த்தார்.

சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன், கஸ்னோவின் கிணற்றடியிலும் ஒரு பானை கிடந்தது. அழாமலே பிறந்த பிள்ளையோடு வந்த பானை. பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த கஸ்னோ, எழ முடியாமல் ஜன்னலோரம் சுருண்டு கிடந்தார். பானையின் நினைப்பு யாருக்கும் இல்லை. இனி எந்த முகம் மலர வேண்டும், எந்தக் கைக்கு வேலை வர வேண்டும்?

அப்போது கல்யாணமாகாத ஜுமாடி, ஊரார் இன்னும் மையவாடியில் குழியருகே நின்ற நேரத்தில், தனியாக வந்தான். இரண்டு கையாலும் கழுவினான். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. முகம் மட்டும் கடைசிவரை சிரித்தபடியே இருந்தது.

புதைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போய்விட்டான். இன்றுவரை அதைப் பற்றி அவன் பேசியதில்லை. பார்த்தேன் என்று கஸ்னோவும் சொன்னதில்லை.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

கஸ்னோ எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பின்பக்கமாகத் தன் வீட்டுக்குப் போனார்.